கடல் தாண்டும் வியாபாரமும் டாக்டர் பட்டமும்

சர்வதேசத் தொழில் முனைவு என்று ஒரு புதுப் படிப்பு மேல்நாடுகளில் சுமார் 35 வருஷ காலமாக நடந்து வருகிறது. அதாவது, ஒருவன் புதிதாக ஒரு தொழிலைத் துவக்கி, அதைத் தன் ஊரோடும் தன் நாட்டோடும் நிறுத்திக் கொள்ளாமல், பிற நாடுகளிலும் சரக்கு விற்கவும், பிற நாடுகளிலிருந்து முதலும் ஆளும் அறிவும் திரட்டிக் கொள்ளவும் எப்படி முடிகிறது, யாரால் முடிகிறது, யாரால் முடியாமற் போகிறது என்று ஆராய்வதே அந்தப் படிப்பாகும். கானடா தேசத்து மான்ட்ரீல் நகரத்தில் உள்ள மக்கில் சர்வகலாசாலையார் 1998-இல் இதற்கென்று ஒரு மாநாட்டுத் தொடரைத் துவக்கினார்கள். 2003 முதல் இதற்கென்றே தனிப் பத்திரிகை ஒன்றும் நடந்து வருகிறது. இம்மாதிரி மாநாடுகளை ஒட்டி, டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் மாணவர்களை மட்டும் கூட்டி வைத்து, இரண்டொரு நாள் பயிற்சிப் பட்டறை நடத்துவது வழக்கமாகியிருக்கிறது.

“ஐயா, கோவிலையும் ஜாதியையும் பற்றி எழுதுகிற பத்திரிகையில் கானடா தேசத்துப் பட்டறைக்கு என்ன வேலை?” என்று சில தோழர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. பணம் சம்பாதிக்கும் யோக்கியதை இன்ன ஜாதிக்கு உண்டு, இன்ன ஜாதிக்கு இல்லை என்று எழுதி வைத்துக் கொண்ட தேசம் நமது தேசம். கடலைத் தாண்டினால் ஜாதி போய்விடும் என்று சொல்லி நம்மைக் கரையிலேயே உட்கார வைத்த தேசமும் நமது தேசம்தான். ஆகவே, கடல் தாண்டும் தொழிலை ஒரு சாஸ்திரமாக அல்ல, ஒரு விசாரணையாக நடத்துகிற இடத்தில் என்ன நடக்கிறது என்பதை நம்மவர் தெரிந்து கொள்ள வேண்டியது அவசியமேயாகும்.

பெரியவர் சொன்னதும் பிற்பாடு வந்தவர் கேட்டதும்

முதலில் அந்தப் படிப்பின் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். சுவீடன் தேசத்து உப்சாலா சர்வகலாசாலையைச் சேர்ந்த அறிஞர்கள், 1975-இல் தங்கள் நாட்டுப் பெரிய கம்பெனிகள் நான்கின் சரித்திரத்தை எடுத்து ஆராய்ந்தார்கள். 1977-இல் யோஹான்சன், வால்னே என்னும் இருவர் அதை ஒரு கொள்கையாகவே வகுத்து வெளியிட்டார்கள். கம்பெனி என்பது முதலில் உள்ளூரில் காலூன்றும். பிறகு பக்கத்துத் தேசத்துக்கு ஏஜெண்டு வைத்துச் சரக்கு அனுப்பும். அதன் பின் அங்கே சொந்தக் கடை போடும். கடைசியில்தான் தொழிற்சாலை கட்டும். இப்படியாக அனுபவம் பெறப் பெற ஒவ்வொரு படியாக ஏறும் என்பதே அந்தக் கொள்கை. பல வருஷ காலம் அது அசையாமல் நின்றது.

1994-இல் அமெரிக்காவில் ஒவியட், மக்டூகல் என்ற இரண்டு ஆசிரியர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். படிப்படியாக ஏறாமல், பிறக்கும்போதே பல நாடுகளில் கால் வைத்துப் பிறக்கிற சிறு கம்பெனிகளும் இருக்கின்றனவே, அவற்றுக்கு என்ன சமாதானம் என்று கேட்டார்கள். பெரிய முதல் இல்லாதவனும், விசேஷ அறிவும் பிற நாட்டாரோடு தொடர்பும் இருந்தால், முதல் நாளிலிருந்தே கடல் தாண்டி வியாபாரம் செய்யக்கூடும் என்று காட்டினார்கள்.

இப்படிக் கேட்டதற்காக அவர்களை யாரும் நாஸ்திகர் என்று சொல்லவில்லை. சபையை விட்டு விலக்கவில்லை. கட்டுரையை அச்சிட்ட அதே பத்திரிகை, பத்து வருஷம் கழித்து 2004-இல் அதற்குப் பரிசு கொடுத்தது. அதைவிடப் பெரிய சங்கதி என்னவென்றால், 1977-இல் கொள்கை வகுத்த அதே யோஹான்சனும் வால்னேயும், தங்கள் கொள்கையைத் தாங்களே 2009-இல் திருத்தி எழுதி வெளியிட்டார்கள். உலகம் மாறியிருக்கிறது, ஆதலால் எங்கள் கொள்கையும் மாற வேண்டும் என்பதே அதன் தாத்பரியம்.

தோழர்களே! நமது சாஸ்திரக்காரர்களில் யாராவது ஒருவர், எங்கள் ரிஷி சொன்னது தப்பு, இதோ திருத்திக் கொண்டோம் என்று எப்பொழுதாவது அச்சிட்டு வெளியிட்டதுண்டா? திருத்தம் இருக்கட்டும், கேட்டதற்காவது நேராகப் பதில் சொன்னதுண்டா? பகுத்தறிவு என்பதற்கு வேறு பெரிய வியாக்கியானம் வேண்டியதில்லை. சொன்னவன் உயிரோடிருக்கும்போதே அவன் சொன்னதை இன்னொருவன் கேள்வி கேட்பதும், அவன் அதற்குக் கோபித்துக் கொள்ளாமல் தன் சொல்லைத் திருத்திக் கொள்வதுமே பகுத்தறிவு.

நம் சாஸ்திரம் சொன்ன வியாபாரப் பாடம்

இனி நம்முடைய பாடத்தைப் பார்ப்போம். மநுதர்மத்தில் மூன்றாவது அத்தியாயத்தில், சிராத்தத்துக்கு அழைக்கக்கூடாத பிராமணர்களின் ஜாபிதா ஒன்று இருக்கிறது. அதன் 158-வது சுலோகத்தில் வீட்டுக்குத் தீ வைத்தவன், விஷம் வைத்தவன் இவர்களோடு ஒரே வரிசையில் கடல் யாத்திரை செய்தவனையும் எண்ணெய் ஆட்டுகிறவனையும் வைத்திருக்கிறார்கள். கொலைகாரனும், கப்பல் ஏறியவனும், செக்கு ஓட்டுகிறவனும் ஒரே தராசில்! பௌதாயன தர்ம சூத்திரமோ கடற் பிரயாணத்தை ஜாதியை விட்டு வீழ்த்தும் பாவங்களில் ஒன்றாகவே எண்ணுகிறது. மநுவின் பத்தாவது அத்தியாயத்துக்குப் போனால், சூத்திரன் சக்தியுள்ளவனாக இருந்தாலும் செல்வம் சேர்க்கக்கூடாது என்று விதி வைத்திருக்கிறது. தொழில் துவக்குகிறவனுக்குத் துணிவு வேண்டும், முதல் வேண்டும், பிற தேச அறிவு வேண்டும் என்று மேல்நாட்டார் ஆராய்ந்து சொல்லுகிறார்கள். நமது சாஸ்திரமோ துணிந்தவனைப் பாவி என்றும், முதல் சேர்ப்பவனைக் குற்றவாளி என்றும், பிற தேசம் போனவனைப் பதிதன் என்றும் சொல்லிற்று.

இதெல்லாம் ஏட்டில் இருந்தது, நாட்டில் இல்லை என்று சில கனவான்கள் சொல்லுவார்கள். 1888-இல் காந்தியார் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டனுக்குப் புறப்பட்டபோது, பம்பாயில் அவருடைய ஜாதிக் கூட்டம் கூடி அவரை ஜாதியை விட்டுத் தள்ளிற்று. அவரை வழியனுப்பப் போகிறவனுக்கு ஒரு ரூபாய் நாலணா அபராதம் என்றும் தீர்மானம் போட்டது. கும்பகோணத்துக் கணித மேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜிலிருந்து அழைப்பு வந்தும் ஜாதி ஆசாரத்துக்குப் பயந்து முதலில் மறுத்தார். நாமகிரித் தாயார் அவருடைய தாயாரின் கனவில் வந்து உத்தரவு கொடுத்ததாகச் சொல்லப்பட்ட பிறகு, 1914-இல் கப்பல் ஏறினார். தெய்வம் கனவில் வந்து தடையை நீக்கிற்று என்றால், தடையை முதலில் போட்டது யார் என்று கேட்கமாட்டீர்களா?

ஆனால் இன்னொரு வேடிக்கையையும் கவனியுங்கள். அதே காலத்தில் நம்முடைய ஏழை எளிய மக்களை மோரீஷுக்கும், நேட்டாலுக்கும், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும், மலேயா ரப்பர் தோட்டத்துக்கும் கப்பல் கப்பலாக ஏற்றிக் கொண்டு போனார்கள். 1860-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பல்தான் நேட்டாலுக்குப் போன முதல் கூலிக் கப்பல். அப்போது எந்த மடாதிபதியாவது துறைமுகத்தில் வந்து நின்று மறித்தாரா? படிக்கப் போனால் தோஷம். கூலியாகப் போனால் தோஷமில்லை! கடலில் தோஷம் இருந்திருந்தால் அது எல்லோரையும் ஒரே மாதிரி பிடித்திருக்க வேண்டாமா?

முழுகிப் போனவர்கள் எங்கே?

நிற்க. மாணவர் பட்டறையில் என்னதான் நடக்கிறது என்று பார்ப்போம். மாணவன் தன் ஆராய்ச்சித் திட்டத்தை முன்கூட்டியே எழுதி அனுப்புகிறான். அனுபவமுள்ள ஆசிரியர்கள் அதைப் படித்து வந்து, எல்லோர் முன்னிலையிலும் பிரித்துப் போடுகிறார்கள். நீ கேட்கிற கேள்வி என்ன? அதற்கு முன்னால் யார் பதில் சொன்னார்கள்? அவர்கள் பதில் ஏன் போதாது? நீ எண்ணப் போவது எதை? எண்ணியதில் நீ நினைத்தது பொய்யென்று ஆனால் ஒத்துக் கொள்ளுவாயா? இவைதான் கேள்விகள். பக்கத்து நாற்காலியில் உள்ள மாணவனும் கேட்கலாம். குருவைக் கேள்வி கேட்டால் நரகம் என்பது அங்கே இல்லை. கேள்வி கேட்காமல் உட்கார்ந்திருப்பவனைத்தான் எதற்கு வந்தாய் என்று பார்ப்பார்கள்.

அங்கே மாணவனுக்குப் படிப்பிக்கிற பாடங்களில் ஒன்று நமக்கு மிகவும் வேண்டியது. வெற்றி பெற்ற முப்பது கம்பெனிகளைப் போய்ப் பார்த்து, இவர்கள் எல்லோரும் துணிச்சல்காரர்கள், ஆகையால் துணிச்சலே வெற்றிக்குக் காரணம் என்று ஒருவன் எழுதிக் கொண்டு வருவான். அவனைக் கேட்பார்கள்: துணிச்சலோடு இறங்கித் தோற்றுப் போனவர்களை எண்ணினாயா?

இந்தக் கேள்வி இரண்டாயிரம் வருஷத்துக்கு முற்பட்டது. கிரேக்க தேசத்து நாஸ்திகரான தியாகொரசைப் பற்றி ரோமாபுரி சிசரோ ஒரு கதை எழுதி வைத்திருக்கிறார். ஒரு சிநேகிதர் அவரைக் கோவிலுக்கு அழைத்துப் போய், கடற்புயலில் தெய்வத்துக்கு நேர்ந்து கொண்டு பிழைத்தவர்கள் வைத்த படங்களையெல்லாம் காட்டி, இதைப் பார்த்துமா தெய்வமில்லை என்கிறாய் என்று கேட்டாராம். முழுகிப் போனவர்களின் படம் எங்கேயும் காணோமே என்று தியாகொரஸ் பதில் சொன்னாராம்!

கடைகளில் மாட்டியிருக்கும் லட்சுமி படத்தையும், வருஷப் பிறப்பன்று போடும் புதுக் கணக்குப் பூஜையையும், ராகுகாலம் பார்த்துத் திறக்கும் கதவையும் இந்தக் கேள்வியால் அளந்து பாருங்கள். நல்ல நேரம் பார்த்துத் திறந்து நொடித்துப் போன கடைகளை எந்த ஜோசியனாவது எண்ணி வைத்திருக்கிறானா? லாபம் வந்தால் லட்சுமி கடாட்சம். நஷ்டம் வந்தால் உன் தலையெழுத்து. இரண்டு பக்கமும் ஜெயிக்கிற இந்த வியாபாரம் ஒன்றுதான் நமது நாட்டில் முதலில்லாமலும் நஷ்டமில்லாமலும் நடந்து வருகிறது.

முழுகியவர்களை எண்ணினால் வேறொரு உண்மையும் வெளிப்படும். தூத்துக்குடியில் தோழர் வ.உ. சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் துவக்கினார். 25 ரூபாய் பங்கு 40 ஆயிரம் போட்டு 10 லட்சம் ரூபாய் முதல் சேர்ப்பதென்று திட்டம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில் கப்பல் விடுவதே அதன் தொழில். அதாவது பிறக்கும்போதே கடல் தாண்டிப் பிறந்த கம்பெனி. அதில் துணிச்சல் இல்லையா? ஜனங்களின் ஆதரவு இல்லையா? எல்லாம் இருந்தது. எதிர்க் கம்பெனியான வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைத் தரையில் போட்டுக் குறைத்தது. சர்க்கார் 1908-இல் சிதம்பரனாரைப் பிடித்து, இரட்டைத் தீவாந்தர சிட்சை விதித்து, செக்கிழுக்க வைத்தது. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1600-இல் லண்டனில் பட்டயம் பெற்றுப் பிறந்த கிழக்கிந்தியக் கம்பெனியும் பிறக்கும்போதே கடல் தாண்டிய கம்பெனிதான். அதற்குப் பின்னால் பட்டயமும் பீரங்கியும் இருந்தன. சிதம்பரனாருக்கு முன்னால் சிறைக் கதவு இருந்தது. ஆகவே, தொழில் முனைவை ஆராய்கிற மாணவன் தனி மனிதனின் குணத்தை மட்டும் எழுதிக் கொண்டு போனால் போதாது. சர்க்கார் யார் பக்கம் நின்றது என்பதையும் எழுதியாக வேண்டும்.

நம்பிக்கை ஜாதியில்தான் பிறக்குமா?

உப்சாலா அறிஞர்கள் 2009-இல் செய்த திருத்தத்தில் ஒரு முக்கியமான சங்கதி இருக்கிறது. பிற நாட்டில் வியாபாரம் செய்யப் போகிறவனுக்குப் பெரிய தடை அவன் அந்நியன் என்பதைவிட, அங்கே உள்ள வியாபாரிகளின் தொடர்பு வலைக்கு வெளியே நிற்கிறான் என்பதேயாகும் என்றார்கள். இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு 30 வருஷத்துக்கு மேல் பிடித்தது. நமது சேரித் தோழர்களைக் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பார்கள். வெளியே நிற்பவன் என்றால் என்ன என்பதை ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவனை விட வேறு யார் அறிவார்?

நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும், மலேயாவிலும், இலங்கையிலும் லேவாதேவி நடத்திய விதத்தை மேல்நாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் வியந்து எழுதுகிறார்கள். சிறு வயதிலேயே பையன்களைக் கணக்கில் பழக்கி, சுமார் மூன்று வருஷத் தவணைக்கு ஏஜெண்டாகக் கடல் தாண்டி அனுப்பி, ஒருவருக்கொருவர் உண்டியல் மாற்றி, கோவிலில் கூடி வட்டி விகிதம் நிர்ணயித்து நடத்தினார்கள். திறமையான ஏற்பாடுதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வலைக்குள் பிறந்தவனுக்கே அந்த வசதி. அதே மாதிரி புத்தியும் நாணயமும் உள்ள ஒரு பறையர் வீட்டுப் பையனுக்கோ வண்ணார் வீட்டுப் பையனுக்கோ அந்தக் கதவு திறந்ததா? இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். கீழ்ப் பர்மாவில் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் 1930-இல் சாகுபடி நிலத்தில் 100-க்கு 6 பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது. நெல் விலை விழுந்து கடனைக் கட்ட முடியாமற் போகவே, 1930-களின் கடைசியில் அது 100-க்கு 25 ஆயிற்று. பர்மா குடியானவனுக்கு அவர்கள் வலையில் இடமில்லை. அவன் நிலத்துக்கு மட்டும் இடமிருந்தது. அதன் பலனாக மூண்ட துவேஷமும், 1942-இல் ஜப்பான் படையெடுப்பும், 1948-இல் நில தேசியமயச் சட்டமும் வந்து, சேர்த்ததில் பெரும் பாகம் அங்கேயே போயிற்று.

அதே நகரத்தாரில் ஒருவரான எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ந் தேதி இந்தியன் ஓவர்சீஸ் பாங்கியைக் காரைக்குடியிலும், சென்னையிலும், ரங்கூனிலும் ஒரே நாளில் திறந்தார். அந்த ஏப்ரல் மாதமே பர்மா தனி நாடாகப் பிரிக்கப்பட்டது. ஆகப் பிறந்து இரண்டு மாதத்துக்குள் அது இரண்டு தேசத்துப் பாங்கியாயிற்று. இதில் நாம் கவனிக்க வேண்டியது, பாங்கி என்பது ஜாதி வலை அல்ல என்பதே. பங்கு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். கணக்கைத் தணிக்கைக்காரன் பார்ப்பான். மோசம் செய்தால் கோர்ட்டு இருக்கிறது. ஜாதிக்காரன் என்பதால் நம்புவது பழைய ஏற்பாடு. கணக்கைப் பார்த்து, சட்டத்தைப் பார்த்து நம்புவது புது ஏற்பாடு. நம்பிக்கையை ஜாதியிலிருந்து பிரித்துச் சட்டத்திலும் கூட்டுறவிலும் எப்படி ஊன்றுவது என்பதை ஒரு மாணவன் ஆராய்ந்து சொன்னால், அது பத்து ஸ்தல புராணத்தை விட நாட்டுக்குப் பயன்படும்.

வேலை தேடாதே என்பவர்கள்

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வேலை தேடாதே, வேலை கொடுப்பவனாகு என்று மேடைக்கு மேடை இப்பொழுது உபதேசம் நடக்கிறது. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் யாரைப் பார்த்துச் சொல்லுகிறார்கள்? தலைமுறை தலைமுறையாக உத்தியோகத்தைப் பற்றிக் கொண்டிருந்தவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லுவதில்லை. இப்பொழுதுதான் படித்து, இட ஒதுக்கீட்டால் உத்தியோக வாசலுக்கு வந்து நிற்கிற நம் பிள்ளையைப் பார்த்துச் சொல்லுகிறார்கள். முதலும் ஜாமீனும் இல்லாதவனைத் தொழில் துவக்கு என்று சொல்லிவிட்டு உத்தியோகக் கதவை அடைப்பது, நீந்தக் கற்பிக்காமல் கடலில் தள்ளுவதற்குச் சமமாகும்.

தொழில் என்ற பெயரால் குலத்தொழிலை உள்ளே கொண்டுவருவதும் புதிதல்ல. 1953-இல் ராஜகோபாலாச்சாரியார் அரைநாள் பள்ளிக்கூடம், அரைநாள் அப்பன் தொழில் என்று திட்டம் போட்டார். நாடு கொதித்தெழவே 1954-இல் அது ஒழிந்தது. 2023-இல் மத்திய சர்க்கார் 18 கைத்தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டம் என்று ஒன்று கொண்டு வந்தது. குடும்ப வழியாக அத்தொழில் செய்து வருபவனாயிருக்க வேண்டுமென்ற நிபந்தனையை எடுக்கச் சொல்லித் தமிழ்நாட்டு சர்க்கார் கேட்டுப் பார்த்தது. எடுக்காததால் 2024-இல், அந்த வடிவில் ஏற்பதற்கில்லை என்று எழுதிவிட்டு, 2025-இல் ஜாதி பாராத கைவினைத் திட்டம் ஒன்றைத் தானே துவக்கிற்று. அப்பன் தொழிலைப் பிள்ளை செய்வது தொழில் முனைவாகாது. தன் அப்பன் கனவிலும் காணாத தொழிலைப் பிள்ளை துவக்குவதே முனைவு.

“இந்தப் படிப்பெல்லாம் முதலாளிக்கு உதவுகிற படிப்புதானே?” என்று சமதர்மத் தோழர்கள் கேட்பார்கள். முதலாளிக்கு உதவுகிற பாகம் அதில் இருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நாம் போகாத சபையில் நமக்காகக் கேள்வி கேட்பவர் யார்? சட்ட சபைக்கும் சர்வகலாசாலைக்கும் நாம் போகாதிருந்த காலத்தில் அங்கே என்ன நடந்தது என்பதை அதற்குள்ளாகவா மறந்துவிட்டோம்?

ஆகவே, செய்ய வேண்டியது இதுதான். சர்வகலாசாலைகள் இம்மாதிரிப் பட்டறைகளுக்குப் போகும் ஏழை மாணவருக்கு, முதலில் நீ செலவு செய், பிறகு பார்க்கலாம் என்று சொல்லாமல், கப்பலோ விமானமோ அதன் கட்டணத்தை முன்கூட்டியே கையில் கொடுக்க வேண்டும். நம் பிள்ளைகளில் பெண்கள் போக விரும்பினால் தாய் தகப்பன்மார் ஜாதகத்தை மூடி வைத்துவிட்டு அனுப்ப வேண்டும். டாக்டர் பட்டத்துக்கு எழுதும் ஒவ்வொரு ஆராய்ச்சியும், அதற்கு வரி கொடுத்த குடியானவன் படிக்கும்படி பத்துப் பக்கமாவது தமிழில் வெளிவர வேண்டும். போகிற மாணவர்களோ, மேல்நாட்டான் சொன்னான் என்று திரும்பி வந்து ஒப்பிக்கக்கூடாது. மநு சொன்னதை ஒப்பிப்பதற்கும் மக்கில் சொன்னதை ஒப்பிப்பதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே போய், உங்கள் வலை என்கிறீர்களே, அதற்கு வெளியே நிறுத்தப்பட்டவனை எண்ணினீர்களா என்று எழுந்து நின்று கேட்க வேண்டும்.

எண்ணெய் ஆட்டுகிறவனையும் கப்பல் ஏறுகிறவனையும் சிராத்தப் பந்தியிலிருந்து விலக்கியது மநு. எண்ணெய் ஆட்டுகிறவன் மகள் கப்பலும் விமானமும் ஏறிப் போய் உலக சபையில் உட்கார்ந்து கேள்வி கேட்பதே அந்த மநுவுக்கு நாம் செய்யும் சிராத்தமாகும்.